இரண்டாவது கேரியர்

அப்பா போன நாலாம் நாள் காலையில், காரியம் செய்துவைக்கும் வாத்தியார் கூடத்தில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தார். அவர் கேட்ட முதல் கேள்விக்கே எங்கள் வீட்டில் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

"உங்க தாத்தா இருக்காரா, இல்லையா?"

தம்பியைப் பார்த்துத்தான் கேட்டார். பதினேழு வயதுத் தம்பிதான் கொள்ளிவைத்த கர்த்தா. அவன் என்னைப் பார்த்தான். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். சித்தப்பா உத்தரத்தைப் பார்த்தார்.

வாத்தியார் வம்புக்குக் கேட்கவில்லை. பன்னிரண்டாம் நாள் சபிண்டீகரணத்தில் அப்பாவின் பிண்டத்தை அவருக்கு மேலே உள்ள மூன்று தலைமுறையோடு சேர்க்க வேண்டும். அப்பாவைப் பெற்றவர் உயிரோடு இருந்தால் அவரை விட்டுவிட்டு, அவருக்கும் மேலே போய் மூன்று பேரைப் பிடிக்க வேண்டும். இருப்பவரைப் போனவர்களோடு சேர்த்தால் பாவம். போனவரை விட்டுவிட்டால் அப்பா போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர மாட்டார். ஆகவே அவருக்கு ஒரே ஒரு வார்த்தை வேண்டியிருந்தது.

"சேர்த்துடுங்கோ" என்றார் சித்தப்பா.

"நீங்க சொல்லிப் பிரயோஜனம் இல்லை. உங்க அண்ணா கடைசி வரைக்கும் ஒத்துக்கலையே. பன்னண்டாம் நாளுக்குள்ள தீர்மானம் பண்ணுங்கோ. மேல் தலைமுறைப் பேரெல்லாம் எழுதிவெச்ச குறிப்பு ஏதாவது ஆத்துல இருக்கான்னு பாருங்கோ" என்று சொல்லிவிட்டு வாத்தியார் எழுந்து போனார்.

தாத்தா நான் பிறப்பதற்கு நாலு வருஷம் முன்பு வீட்டை விட்டுப் போனவர். ஏன் போனார் என்று கேட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் வேறு வேலையாக எழுந்துவிடுவார்கள். காணாமல் போனவர் பன்னிரண்டு வருஷம் வரவில்லை என்றால் போய்விட்டதாகவே கொண்டு, தர்ப்பையில் உருவம் செய்து கொளுத்திக் காரியம் செய்துவிட வேண்டும் என்பது எங்களவர்களின் வழக்கம். எனக்கு எட்டு வயதானபோது அந்தக் கெடு முடிந்தது. சித்தப்பா செய்யலாம் என்றார். மூத்த பிள்ளையான அப்பா மாட்டேன் என்றார். காரணம் சொல்லவில்லை. பொறுத்துப் பார்த்த சித்தப்பா, அடுத்த வருஷத்திலிருந்து தானே அமாவாசைதோறும் தர்ப்பணம் செய்ய ஆரம்பித்தார். முறைப்படி காரியம் ஆகாமல் தர்ப்பணம் கிடையாது என்று வாத்தியார் எவ்வளவோ சொன்னார். "எங்கே இருக்காரோ, தாகத்தோட இருக்கக் கூடாது" என்று சித்தப்பா பிடிவாதமாக எள்ளும் தண்ணீரும் இறைத்தார். அதே கூடத்தைத் தாண்டிக்கொண்டு அப்பா ஆபீசுக்குப் போவார். ஏகாதசி தவறாதவர், அமாவாசையன்று ஒரு சொட்டு எள்ளுத்தண்ணீர் விட்டதில்லை. தெருவில் அப்பாவை நாஸ்திகர் என்றுகூடச் சொன்னார்கள். இரண்டுக்கும் நடுவில் பாட்டி தினமும் நெற்றிக்கு இட்டுக்கொண்டு தாலியோடு வளைய வந்தாள். எங்கள் வீட்டுத் தாத்தா அமாவாசை காலையில் இறந்துபோவார், பாட்டி குங்குமச் சிமிழைத் திறந்ததும் பிழைத்துக்கொள்வார்.

பாட்டி போய் எட்டு வருஷம் ஆகியிருந்தது. சுமங்கலியாகவே போனாள். அப்பாதான் அதிலும் பிடிவாதமாக இருந்தார்.

வாத்தியார் சொன்ன குறிப்பைத் தேடிப் பரணில் ஏறியது நான். குறிப்பு கிடைக்கவில்லை. பித்தளை அண்டாவுக்குள் புடவைக் கரையால் கட்டிய இரண்டு டைரிகள் கிடைத்தன. ஆபீசில் வருஷப் பிறப்புக்குக் கொடுக்கும் டைரிகள். அப்பா கொண்டுவந்து பாட்டியிடம் கொடுப்பார். அவள் கோலப் புள்ளி போட்டுப் பார்க்கிறாள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். பிரித்தால் பக்கம் பக்கமாகப் பென்சில் எழுத்து. பெரும்பாலும் ஒரு நாளைக்கு இரண்டு வரி, மூன்று வரி. என்னுடைய ஒன்பது, பத்து வயது வருஷங்கள்.

அழ வேண்டிய நேரத்தில் அடுத்தவர் டைரியைப் படிக்கிறோமே என்று எனக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனால் எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். தண்ணீர் இல்லை என்று காட்டப் பால்காரர் செம்பைக் கவிழ்ப்பதற்குள் மூன்று தரம் எட்டிப் பார்க்கிறவள் நான். பாட்டியை உரித்துவைத்திருக்கிறது என்று அம்மா திட்டுவாள். எவ்வளவு உரித்துவைத்திருந்தேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதல் டைரியின் ஆரம்பத்திலேயே இப்படி எழுதியிருந்தாள்: "சின்னவன் இன்றும் ஆரம்பித்தான். பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டதாம். பெரியவன் முடியாது என்றான். காரணம் சொல்லவில்லை. காரணம் இல்லாமல் மறுக்கிறவன் இல்லை இவன். கவனிக்க வேண்டும்."

அப்புறம் கவனித்திருக்கிறாள். பெற்ற பிள்ளையை ஒரு போலீஸ்காரர்கூட அப்படிக் கவனித்திருக்க மாட்டார். "மற்ற நாளெல்லாம் எட்டரை பஸ். துவாதசிக்கு மட்டும் ஆறரை பஸ். ஏன்?" "துவாதசிக்கு இரண்டாவதாக ஒரு கேரியர் வேண்டுமாம். ஆபீசில் ஒரு சிநேகிதர் ஏகாதசி விரதமாம், செய்துபோட ஆள் இல்லையாம். பேர் கேட்டேன். கேட்காத மாதிரி போய்விட்டான்." "கேரியர் சாம்பல் போட்டுத் தேய்த்து வந்திருக்கிறது. இவன் பிறந்ததிலிருந்து ஒரு டம்ளர் அலம்பியதில்லை." அதற்கு அடுத்த துவாதசியில், பென்சிலை அழுத்தி எழுதியிருந்தாள்: "இன்றும் கீழ் அடுக்கில் கற்கண்டு. வெறும் பாத்திரத்தைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று தெரிந்தவள். பெண்பிள்ளைதான்."

 அந்தக் கற்கண்டை நான் தின்றிருக்கிறேன்.

ஏகாதசிக்கு மறுநாள், விரதம் முடிக்கிற துவாதசியன்று சாயங்காலம் அப்பா வந்ததும் பெரிய கேரியரின் கீழ் அடுக்கைத் திறக்க எனக்கும் தம்பிக்கும் அடிதடி நடக்கும். ஆளுக்கு ஒரு கட்டி இருக்கும். தங்கை பிறந்த பிறகு மூன்று. அப்பா கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிறார் என்று நாங்கள் நினைத்தோம். யாரோ ஒருத்தி எங்கள் வாயில் கற்கண்டைப் போட்டு அடைத்துக்கொண்டிருந்தாள் என்று தோன்றியதும், பத்து வருஷத்துக்கு முன் தின்றது நாக்கில் கசந்தது. டைரியை மூடிவிட்டேன். இரண்டாவது டைரியைத் தொடவே மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் சந்தேகம்தான். அப்பா இறந்ததே ஒரு துவாதசியன்று. மத்தியானம் மூன்று மணிக்கு ஆபீசில் நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆபீஸ் வண்டியில் கொண்டுவந்தார்கள். கூடவே அவருடைய குடை, கண்ணாடி, சின்ன கேரியர் எல்லாம் வந்தன. பெரிய கேரியர் வரவில்லை. அது எந்த வீட்டில் இருக்கிறது?

ஆறாம் நாள் அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் துக்கம் கேட்க வந்தார். தண்ணீர் கொடுக்கிற சாக்கில் நான் மெல்லக் கேட்டேன்.

"ஆபீஸ்ல ஏகாதசி விரதம் இருக்கிற அப்பாவோட சிநேகிதர் யாரு? அவருக்குத் தகவல் சொல்லியாச்சா?"

"ஏகாதசியாம்மா? எங்க செக்‌ஷன்ல அப்படி யாரும் இல்லையே. உங்கப்பா ஒருத்தர்தான்" என்றார். பிறகு யோசித்து, "சில நாளு காலையில காந்தி மார்க்கெட் ஸ்டாப்புல இறங்கிப்பாங்க. என்னங்க இங்கன்னு கேட்டா, காய் வாங்கணும்பாங்க" என்றார்.

எங்கள் வீட்டில் காய் வாங்குவது சித்தப்பா. அப்பாவுக்குப் புடலங்காய்க்கும் பீர்க்கங்காய்க்கும் வித்தியாசம் தெரியாது.

அன்று பூராவும் நான் அப்பாவின் பெட்டியைக் குடைந்தேன். சட்டைப் பைகளைத் துழாவினேன். பழைய பஸ் டிக்கெட், ஒரு துளசி மணி, மூக்குப்பொடி மட்டை. ஒன்றும் இல்லை என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. சித்தப்பாவுக்குத் தெரிந்திருக்கும், அதனால்தான் உத்தரத்தைப் பார்த்தார் என்று அவர்மேல் பாய்ந்தது மனசு. வாசலில் வந்து நின்ற பெண்களை எல்லாம் உற்று உற்றுப் பார்த்தேன். எவளாவது தூணோரமாக நின்று எங்களைவிட அதிகமாக அழுகிறாளா என்று காத்திருந்தேன். அப்பாவுக்காக அழ வேண்டிய நாளில் அப்பாவைத் துப்பறிந்துகொண்டிருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அம்மாவும் அழவில்லை. அதைத் தெருவே கவனித்தது. சுற்றிப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டபோது அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அதிர்ச்சி என்றார்கள். ஏழாம் நாள் மத்தியானம், மற்றவர்கள் கண்ணயர்ந்த நேரத்தில், அவளே என்னைக் கூப்பிட்டாள்.

"டைரியில என்ன எழுதியிருக்கா?"

"ஒண்ணும் இல்லைம்மா. எந்த பஸ், என்ன தளிகை பண்ணினா, அவ்வளவுதான்."

"பொய் சொல்லாதே. உன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியறது." அவள் குரல் வறண்டிருந்தது. "உங்க பாட்டி போறதுக்கு முந்தின வாரம் என் கையைப் பிடிச்சுண்டு ஒண்ணு சொன்னா. துவாதசிக்கு ரெண்டாவது கேரியர் கட்டறதை நிறுத்தாதே, யாருக்குன்னு அவனைக் கேட்காதேன்னா. பெத்தவளே பிள்ளைக்குப் பரிஞ்சுண்டு வந்தா நான் எங்க போய் நிக்கறது? எட்டு வருஷம். மாசத்துக்கு ரெண்டு துவாதசி. விடியறதுக்கு முன்னாடி எழுந்து குளிச்சு மடியா அகத்திக்கீரை ஆய்ஞ்சு, நெல்லிக்காய்ப் பச்சடி அரைச்சு, எவளுக்கோ கட்டிக் கொடுத்திருக்கேன். ஒரு நாள்கூட வாயைத் திறந்து கேட்கலை. இப்ப அழுன்னா எப்படிடி அழறது? யாருக்காக அழறதுன்னே தெரியலை."

அம்மாவை அப்படி நான் பார்த்ததில்லை. என் சந்தேகம் மூன்று நாள் வயசு. அவளுடையது எட்டு வருஷம். அவள் அதோடு சமைத்து, பரிமாறி, மூன்று பேரை வளர்த்திருக்கிறாள். எனக்கு அப்பாமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எவளாக இருந்தாலும் சரி, பெயரைத் தெரிந்துகொண்டுதான் மறுவேலை என்று எட்டாம் நாள் காலையில் இரண்டாவது டைரியை எடுத்துக்கொண்டு பரணிலேயே போய் உட்கார்ந்தேன்.

பாதி வரை அதே வேவுதான். நடுவில் தங்கை பிறந்த பக்கம் வந்தது.

"பேத்தி பிறந்து பதினோராம் நாள். துவாதசி. கேரியரில் இன்று மூன்று கற்கண்டு. போன தடவை வரை இரண்டுதான். மூன்றாவது யாருக்கு? பச்சைக் குழந்தைக்கா? வேறு எவளாவது என்றால் இந்த வீட்டுக் குழந்தைகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டாள்."

அதற்குப் பிறகு ஐந்து நாள் ஒன்றும் எழுதவில்லை. ஆறாம் நாள்:

"கீரை வாங்குகிற சாக்கில் காந்தி மார்க்கெட் போனேன். பெரியவன் அங்கேதான் இறங்குகிறான் என்று கண்டக்டர் சொன்னான். வாழைத்தார் மண்டிக்குப் பின்னால் பஜனை மடம். வாசலில் உட்கார்ந்து துளசி தொடுத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெளுத்துவிட்டது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். அவர் பார்க்கவில்லை. கீரை வாங்காமலே வந்துவிட்டேன்."

எழுத்து கலங்கியது. நான் அழுகிறேன் என்று சட்டையில் சொட்டிய பிறகுதான் தெரிந்தது. அடுத்த பக்கத்தில்தான், இருபது வருஷத்துக்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்காத விஷயத்தைப் பாட்டி எழுதியிருந்தாள். வியாழக்கிழமைதோறும் தாத்தா தாமதமாக வருவாராம். எங்கே போகிறீர்கள், எவளைப் பார்க்கப் போகிறீர்கள் என்று ஒரு நாள் நாலு பேர் நடுவில் கேட்டுவிட்டாளாம். நம்பாத வீட்டில் இனி என் வாயில் தண்ணீர் படாது என்று சொல்லிவிட்டு, கட்டிய வேஷ்டியோடு இறங்கிப் போனாராம். ஒரு மாதம் கழித்து யாரோ வந்து சொன்னார்களாம்: காசநோயில் கிடந்த ஒரு பழைய சிநேகிதருக்கு, சொந்த ஜனங்களே கிட்டே போகப் பயந்தபோது, உடம்பு துடைத்துவிடத்தான் அவர் போய்வந்தார் என்று. பிள்ளைகள் இருக்கிற வீடு, சொன்னால் பயப்படுவாள் என்று மறைத்தாராம்.

"கேட்டிருக்க வேண்டாம்" என்று எழுதி, அதன் கீழே மறுபடியும் "கேட்டிருக்க வேண்டாம்" என்று எழுதியிருந்தாள்.

பிறகு வந்த பக்கங்களில் வேவு இல்லை. சமையல்தான். டைரியின் கடைசிப் பக்கம் இது: "பெரியவனை ஒன்றும் கேட்கப் போவதில்லை. ஒரு தடவை கேட்டது போதும். இன்று அகத்திக்கீரையில் தேங்காய் கூடப் போட்டேன். அவருக்குப் பிடிக்கும். எதற்கு இவ்வளவு தேங்காய் என்று மாட்டுப்பெண் கேட்டாள். கை தவறிவிட்டது என்றேன்."

கீழே இறங்கி அம்மாவிடம் ஓட வேண்டும் என்று இருந்தது. ஆனால் என் புத்தி விடவில்லை. இது பத்து வருஷத்துக்கு முந்தைய கதை. அந்த மனிதர் இப்போது இருக்கிறாரா? அவர் போய், அந்த இடத்துக்கு வேறு யாராவது வந்திருந்தால்? பொய் நம்பிக்கையைக் கொடுத்துவிட்டு அம்மாவை இன்னொரு தரம் கொல்ல முடியாது. கண்ணால் பார்க்காமல் சொல்லக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் காலையில், தட்டெழுத்து வகுப்பில் ஒரு தகவல் சொல்ல வேண்டும் என்று புளுகிவிட்டுத் தீட்டோடு பஸ் ஏறினேன். காவேரிப் பாலம் தாண்டும்வரை யாராவது தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று தலையைக் குனிந்தே இருந்தேன். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் "வழி விடுங்க, வழி விடுங்க" என்று இடித்துக்கொண்டு போனார்கள். வாழைத்தார் மண்டியைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தேன். பின்பக்கம் ஓர் ஒடுங்கலான சந்து. சந்தின் கோடியில் ஓட்டு மடம். வாசல் ஜன்னல் விளிம்பில் எங்கள் வீட்டுப் பெரிய கேரியர் தேய்த்த பளபளப்போடு உட்கார்ந்திருந்தது.

அதன் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் மூக்கு. அப்பாவின் காது மடல். எழுபத்தைந்து வயதிருக்கும். மடியில் துளசி. என் சந்தேகம் எல்லாம் அந்த ஒரு மூக்கைப் பார்த்ததும் போய்விட்டது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் யார் என்று அவர் கேட்கவில்லை.

"நீ பெரியவ" என்றார். "கேரியரை வாங்கிண்டு போக உன்னை அனுப்பிச்சானா? ஒன்பது நாளா காத்துண்டிருக்கு. கற்கண்டுல எறும்பு வந்துடறது, தினம் எடுத்துட்டுப் புதுசு போடறேன். ஏன், அவனுக்கு உடம்பு சரியில்லையா?"

பஸ்ஸில் வந்த வழியெல்லாம் என்ன கேட்பது என்றுதான் யோசித்தேனே தவிர, இவரிடம் என்ன சொல்வது என்று யோசிக்கவே இல்லை.   பூவில்லாத என் தலையையும், வாராத மயிரையும் அவர் மெல்லப் பார்த்தார். துளசியை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

"எத்தனாம் நாள்?" என்று கேட்டார்.

"ஒன்பது."

"துவாதசியன்னிக்கா?"

"ஆமாம். மத்தியானம்."

"கார்த்தால கொடுத்துட்டு, சாயங்காலம் வரேன்னுட்டுப் போனான்."  பிறகு எழுந்து கிணற்றடிக்குப் போய், கட்டிய வேஷ்டியோடு தலைமேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். குடம் குடமாக ஊற்றிக்கொண்டே இருந்தார். நான் போய்க் கயிற்றைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. "எனக்கும் நாளையோட தீட்டு முடியறது. ஒன்பது நாள் தெரியாம துளசி தொடுத்துட்டேனே, பெருமாள் மன்னிக்கணும்" என்றார். 

அப்பா எப்படி அவரைக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் அப்பா வந்து எதிரே நின்றாராம். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்ட பிறகுதான் தாத்தா பேசினாராம். அந்தச் சத்தியத்துக்காகத்தான் அப்பா தெருவில் நாஸ்திகர் பட்டம் வாங்கினார், சித்தப்பாவோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார், பெண்டாட்டியின் சந்தேகத்தோடு எட்டு வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம் பண்ணினார். எனக்கு அப்பாவை நினைத்து நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கோபமும் வந்தது.

"ஆத்துக்கு வாங்கோ தாத்தா" என்றேன்.

"அந்த வாசப்படியை இனிமே எப்படி மிதிப்பேன்? அவ இருக்கறச்சேயே வரலை."

"ஆத்துக்கு வர வேண்டாம். நாளைக்குப் பத்தாம் நாள். காவேரியில அம்மா மண்டபம் படித்துறைக்கு வாங்கோ. அது யார் வீடும் இல்லை."

அவர் ஜன்னல் பக்கம் போனார். கேரியரை எடுத்து என் கையில் கொடுத்தார். பஸ்ஸில் கீழ் அடுக்கைத் திறந்து பார்த்தேன். மூன்று கற்கண்டு இருந்தது.

அன்று சாயங்காலம் கேரியரை அம்மாவின் முன்னால் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். டைரியைப் படித்துக் காட்டினேன். அம்மா கேட்டாள், ஆனால் நம்பவில்லை. "உங்க அப்பாவைக் காப்பாத்த நீயும் கிளம்பிட்டியா?" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. எட்டு வருஷமாகக் கெட்டித்துப் போனது எட்டு நிமிஷத்தில் கரையுமா? நாளைக்கு அவர் வராவிட்டால் நான் சொன்னது எல்லாமே கதைதான். எனக்கே பயம்தான்.

பத்தாம் நாள் காலையில் காவேரியில் தண்ணீர் படி நனைய ஓடியது. தாயாதி பங்காளிகள் வரிசையாக இறங்கி முழுகித் தர்ப்பணம் செய்தார்கள். நாங்கள் பெண்கள் மேல்படியில் நின்றோம். நான் ஆற்றைப் பார்க்கவில்லை, தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்த ஒவ்வொரு நரைத்த தலையும் அவராக இருந்து, பிறகு வேறு யாராகவோ ஆனது. காரியம் முடிகிற நேரம் வந்தது. வாத்தியார் ஈர வேஷ்டியைப் பிழிந்துகொண்டே சித்தப்பாவைக் கேட்டார்.

"என்ன, தீர்மானம் ஆச்சா? பேரைச் சேர்க்கறதா, விடறதா?"

"சேர்த்துடுங்கோ. எத்தனை நாள் இழுக்கறது" என்றார் சித்தப்பா.

"சேர்க்கக் கூடாது" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. மண்டபத்துத் தூண் ஓரமாக அவர் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. "தாத்தா இருக்கார். அதோ நிக்கறார்."

சித்தப்பா திரும்பினார்.  பிறகு நாலு நாலு படியாக ஏறி வந்து, ஈரத்தோடு அவர் காலில் விழுந்தார். ஐம்பதை எட்டிக்கொண்டிருந்த மனிதர் குழந்தை மாதிரி தேம்பினார்.

"அப்பா, மகாபாவம் பண்ணிட்டேன்பா. பத்து வருஷத்துக்கு மேல, உசிரோட இருக்கிற உங்களுக்கு அமாவாசை தவறாம எள்ளும் தண்ணியும் இறைச்சேனே!"

தாத்தா குனிந்து அவர் தலையைத் தொட்டார். "அதான் இத்தனை வருஷமா எனக்குத் தாகமே எடுக்கலையா?" என்றார்.

யாரோ சிரித்துவிட்டார்கள். வாத்தியார் தலையை ஆட்டிக்கொண்டே நோட்டைப் பிரித்து, தாத்தாவின் பெயரை அடித்துவிட்டு, அவரையே கேட்டு அதற்கு மேலே ஒரு பெயரை எழுதினார்.

அம்மா என் பக்கத்தில் அசையாமல் நின்றாள். தாத்தா ஒவ்வொரு படியாக இறங்கி எங்களிடம் வந்தார். அவளை ஏறிட்டுப் பார்க்காமல், ஆற்றைப் பார்த்தபடியே சொன்னார்.

"துவாதசித் தளிகை எட்டு வருஷமா உன் கைதானே? அவ போனதுமே கை மாறினது தெரிஞ்சுது. எல்லாம் நன்னாத்தான் இருந்தது. கீரையில மட்டும் உப்பு ஒரு கல் கூட."

அம்மா அவரைப் பார்த்தாள். அந்தக் கேரியரில் அவள் கட்டி அனுப்பியதை எல்லாம் யார் சாப்பிட்டார்கள் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. சட்டென்று படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா" என்று படியைக் கையால் அடித்து அடித்து, அப்பா போன பத்தாம் நாள், அம்மா அப்பாவுக்காக அழுதாள்.